சிக்னல் இருக்கிற மேடு

நெவில் ராட்ஃபோர்டு ஆட்டுக்கிடா வாங்கப் போனால் காகிதத்தை நம்ப மாட்டார். ஏலத்துக்கு முந்தின நாளே பட்டிக்குப் போய், கிடாயின் தோளில் ரோமத்தை இரண்டு கையாலும் பிளந்து, தோல் தெரிகிற வரைக்கும் விரித்து, முகர்ந்துகூடப் பார்ப்பார். விற்கிறவன் கிடாயின் தரம் இன்னதென்று அச்சடித்துத் தந்த எண்களை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், அதோடு சரி. நாற்பது வருஷத்தில் ஒரு கிடாயும் அவரை ஏமாற்றியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டுக்கு இண்டர்நெட் வாங்குகிற விஷயத்தில் மட்டும் காகிதத்தை நம்பினார். கஷ்டகாலம், வேறென்ன சொல்ல?

அது 2017. பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தோட்டத்துத் தக்காளியைக் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரோவினா, கையில் பிடித்த கரண்டியோடு சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரி இல்லாத பண்ணைக்காட்டுக்கென்று இருக்கிற டாக்டர் விமானம் வந்து அடிலெய்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது, கையும் ஓரளவுக்குத் திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை. அறுபத்துமூன்று வருஷம் ஓயாமல் பேசிய வாயில் மூன்றே மூன்று சொல் மிஞ்சியது: "இல்ல", "டீ", "கடவுளே". ஆஸ்பத்திரியிலிருந்து அங்கேயே ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள்.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் நெவிலிடம் சொன்னது இதுதான்: "மொத ஆறு மாசத்துல என்ன திரும்புதோ அதுதான் பெரும்பாலும். தெனமும் பேசுங்க. உங்க மொகம் தெரியணும், வாய் அசையறது தெரியணும். வெறும் குரல் மட்டும் வேலைக்கு ஆகாது."

வெறும் குரல் வேலைக்கு ஆகவில்லை என்பது உண்மைதான். வீட்டு லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டால் ரோவினா ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, யாரோ தெரியாதவன் பேசுகிற மாதிரி நர்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். நெவில் அங்கேயே போய் இருக்கலாமே என்றால், ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர். ஏப்ரலில் கோதுமை விதைப்பு, மே மாதம் தொடங்கி ஆயிரத்து இருநூறு ஆடுகள் குட்டி ஈனும். பிள்ளை குட்டி கிடையாது. கூலிக்கு ஆள் வைத்த காலமெல்லாம் போய்விட்டது. இருக்கிறது அவரும் இரண்டு நாய்களும்.

மார்ச்சில் இண்டர்நெட் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு கட்டங்கள், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ஒன்று சாட்டிலைட். கூரையில் டிஷ் வைத்து வானத்திலிருந்து வாங்குவது, இப்போதே கிடைக்கும். இன்னொன்று டவர். ஊருக்கு மேலே உள்ள குன்றில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், மே மாதம் முடியும். அப்புறம் ஆள் வந்து வீட்டிலிருந்து டவர் தெரிகிறதா என்று பார்த்துத்தான் சொல்லுவான். ஒரு விலாசத்துக்கு இரண்டில் ஒன்றுதான்.

பக்கத்துப் பண்ணைக்காரர் லெஸ் ஹாகன். பக்கம் என்றால் பதினொரு கிலோமீட்டர். விதை எடுக்க வந்தவர் அந்தக் கடிதத்தைப் பார்த்தார்.

"டவர் வர்ற வரைக்கும் பொறுடா நெவ். நான் அதுக்குத்தான் போட்டிருக்கேன்."

"ஒனக்கென்ன, ஃபுட்பால் பாக்கணும். ஜூன்ல பாத்தாலும் அதே பந்துதான். ரோ அதுவரைக்கும் யாரோட பேசுவா?"

"அட, சாட்டிலைட்டுன்னா ஆகாசத்துக்குப் போயித் திரும்பி வரணும்லப்பா. தூரம் கொஞ்சமாவா இருக்கு?"

"ஒளி வேகத்துல போகுதாம்டா. ஒன் டிராக்டர்ல ஏறியா போகுது?" நெவில் காகிதத்தில் விரலை வைத்தார். "இத பாரு. இதுல வேகம் இருபத்தஞ்சு. அதுலயும் இருபத்தஞ்சு. நம்பர் ஒண்ணுதான். இது கையில இருக்கு, அது வருமோ வராதோ."

"நம்பரு நம்பருன்னு நீயா பேசுற? கிடா வாங்கப் போனா ஏலக்காரன் நோட்டீஸ்லயே மூக்கச் சிந்துறவன்!"

நெவில் டிக் அடித்தார்.

ஏப்ரல் நடுவில் டிஷ் வந்து ஏறியது. அன்றைக்கு நெவில் அதை எல்லா வகையிலும் சோதித்துப் பார்த்தார். மழை ராடாரைத் திறந்தார், மேகமில்லாத வானம் பளிச்சென்று வந்தது. கம்பளி விலையைத் திறந்தார். மெல்போர்னில் நடந்த பழைய மேட்ச் ஒன்றைப் போட்டார், புல்லின் நுனிகூடத் தெரிந்தது. நல்ல சரக்கு என்று தலையை ஆட்டிக்கொண்டார். யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அந்த வீட்டில் பேச ஆள் இல்லாமல் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு முகம் கழுவி, தலை வாரி, சமையலறை மேஜையில் டேப்லெட்டை நிறுத்தி வைத்து உட்கார்ந்தார். மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் நர்ஸ் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டாள். ரோவினாவின் முகம் வந்தது. அவளுடைய இடது புருவத்துத் தழும்புகூடத் தெரிந்தது.

"ரோ, நான்தான். கேக்குதா?"

அவள் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"கேக்குதா ரோ?"

அவர் இரண்டாம் தடவை கேட்கிற அதே நேரத்தில் அவள் உதடு பிரிந்து, "இ..." என்று ஏதோ தொடங்கியது. அவருடைய கேள்வி அதன் மேல் போய் விழுந்தது. அவள் நிறுத்திக்கொண்டாள். "சொல்லு சொல்லு" என்றார். அதற்குள் அவள் மறுபடி முயல, இந்த "சொல்லு சொல்லு" அதன் தலையிலும் விழுந்தது.

ஆகாசத்துக்குப் போய்த் திரும்புகிற தாமதம் மற்றவர்களுக்கு வெறும் முக்கால் நொடி. அதைக் கண்டுகொள்ளாமல் பேசிவிடுவார்கள். ரோவினாவோ ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து நாக்கு வரைக்கும் கொண்டுவர அரை நிமிஷம் பாடுபடுகிறவள். கொண்டுவந்து வெளியே வைக்கிற நொடியில் புருஷன் குறுக்கே விழுந்தால் அந்தச் சொல் அப்படியே செத்துப்போகும். அவர் ஜோக் சொன்னால் சிரிப்பு தாமதமாக வந்தது. அவள் ஒன்று சொன்னால் அவர் முகம் கல் மாதிரி இருந்துவிட்டு அப்புறம் மலர்ந்தது. அந்தக் கல் முகத்தைத்தான் அவள் பார்த்தாள்.

"சார், நீங்க பதில் சொல்லப் பிடிக்காம உக்காந்திருக்கீங்கன்னு நெனைக்கிறாங்க" என்றாள் மரிசெல். "லைன்ல கோளாறுன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். புரியல."

நெவில் என்னவெல்லாமோ செய்து பார்த்தார். பேசி முடித்ததும் கையைத் தூக்கிக் காட்டினார். மனசுக்குள் ஐந்து வரை எண்ணினார். பேசாமலே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோராம் நாள் டேப்லெட்டைக் கண்டதும் ரோவினா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இல்ல" என்றாள். அந்தச் சொல் மட்டும் தாமதமில்லாமல் வந்தது போல நெவிலுக்கு இருந்தது.

"இன்னைக்கி வேணாங்கிறாங்க சார். களைப்பா இருக்கும்."

"களைப்பு இல்ல மரிசெல். கோவம்."

மரிசெல் பதில் சொல்லவில்லை, அல்லது சொல்லி இன்னும் வந்து சேரவில்லை.

அப்புறம் தினமும் ஐந்து மணிக்கு "இல்ல"தான். மே மாதம் வந்தது. விதைக்கிற டிராக்டரில் பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து, காய்ந்த சிவப்பு மண்ணில் விதையைப் போட்டுவிட்டு, மழை வருமா என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் சமையலறையில் ஃபிரிட்ஜ் சத்தம் ஒன்றுதான். இரண்டு ஆட்டுக்கறித் துண்டைப் பொரித்து, டப்பா பீட்ரூட்டைத் திறந்து, நின்றபடியே தின்றார். நாயிடம் பேசினார். ஒருநாள் கெட்டிலிடம், "கொதிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு நொடி காத்திருந்தார். அப்படிக் காத்திருந்ததை உணர்ந்ததும் அவருக்கே பயமாகப் போயிற்று.

லெஸ் வந்தார். அவர் வீட்டில் டவர் இணைப்பு வந்துவிட்டது. அதைப் பீற்றிக்கொள்ளத்தான் வந்தார்.

"எங்க வீட்டுக்காரி அவ தங்கச்சிகூடப் பேசுறாப்பா, ரெண்டு பேரும் எதுத்தாப்புல உக்காந்து சண்ட போடுற மாதிரியே இருக்கு. ஒரு திட்டு வீணாப் போகல!" சிரித்துவிட்டு நெவிலின் முகத்தைப் பார்த்தார். சட்டென்று நிறுத்தினார். "என்னடா? மெலிஞ்சு போயிட்ட?"

நெவில் சொன்னார். லெஸ் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் அப்பவே..." என்று தொடங்கி, "சரி, அத விடு" என்று முடித்தார். "நாளைக்கே அந்தப் பையன் டாரனக் கூப்பிடுறேன். எங்க வீட்டுல ஆன்டெனா வச்சவன். கம்பெனி வழியாப் போனா மூணு வாரம். நேராக் கூப்பிட்டா ரெண்டு பைண்ட் பீர்."

டாரனுக்கு முப்பது வயசு இருக்கும். தாடி, முட்டி வரை தூசி. கையில் ஒரு மீட்டரோடு கூரையில் ஏறினான். நாலு மூலையிலும் நடந்தான். கம்பத்தை நீட்டினான். இறங்கி வந்து தலையை ஆட்டினான்.

"ஒண்ணும் இல்ல பெரியவரே. சுத்தமா இல்ல. உங்க தாத்தா காத்துக்குப் பயந்து வீட்டப் பள்ளத்துல கட்டிட்டாரு. நடுவுல மேடு மறைக்குது."

"தாத்தா இல்ல, எங்க அப்பா" என்றார் நெவில். "தெக்குக் காத்து. கூரையப் பிச்சுக்கிட்டுப் போகும்."

"அந்தா, அந்த மேட்டுல இருக்கே, அது என்ன?"

"கம்பளி வெட்டுறவங்க தங்குற கொட்டகை. ஆகஸ்டுல ரெண்டு வாரம் வருவானுங்க."

"கரண்டு உண்டா?"

மூவரும் மேடேறினார்கள். டாரன் கொட்டகையின் தகரக் கூரைமேல் ஏறினான். அவன் ஏறி முடிப்பதற்குள் மீட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது.

"நெத்தியடி!" என்றான் மேலே இருந்து. "டவர் கண்ணுக்கே தெரியுது. இங்க வச்சா தாமதமே இருக்காது."

"இங்க வச்சுட்டுக் கீழ வீட்டுக்கு இழுக்க முடியாதா?"

"முடியும். ஆனா அது எங்க வேலை இல்ல. போர்ட் லிங்கன்ல ஒருத்தர் செய்வாரு. வேற ஒருத்தருக்காகக் கேட்டுப் பாத்தேன், செப்டம்பர் வரைக்கும் ஆள் கெடைக்காது." டாரன் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டான். "இன்னொண்ணு சொல்லிடறேன் பெரியவரே. இத வச்சா அந்த டிஷ்ஷக் கழட்டணும். ஒரு விலாசத்துக்கு ஒண்ணுதான். அப்புறம் வீட்டுல எதுவும் இருக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

செப்டம்பர். நெவில் மனசுக்குள் பிப்ரவரியிலிருந்து விரல் மடக்கினார். ஆறு மாதம் ஆகஸ்டோடு முடிகிறது.

"நீ கொட்டகையில போயிப் படுக்கப்போறியாடா?" என்றார் லெஸ். "கம்பளிக்காரனுங்க ஒருத்தன்மேல ஒருத்தன் வாந்தி எடுத்த எடம்டா அது. வீடு வாசல்னு ஒண்ணு இருக்கும்போது!"

"அஞ்சு மணிக்கு மட்டும் ஏறி வந்தா போதாது?" என்று அவரே மறுபடி கேட்டார்.

"போதும்னா போதும்" என்றார் நெவில். "ஒனக்கு அவ எந்த நேரத்துல பேசணும்னு நெனப்பான்னு தெரியுமா?"

அதுதான் விஷயம். சொல் எப்போது வரும் என்று ரோவினாவுக்கே தெரியாது. வருகிறபோது எதிரே ஆள் இருக்க வேண்டும். நெவில் அன்று சாயங்காலம் ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கப் போனார். இரட்டைக்குட்டி போட்ட ஆடு ஒன்று, ஒரு குட்டியை நக்கிக்கொண்டு, மற்றதைக் கண்டுகொள்ளாமல் நின்றது. விடப்பட்ட குட்டி கத்திக்கொண்டே இருந்தது. தூக்கி மடியில் சேர்த்துவிட்டுக் காத்திருந்தார். ஆடு முட்டித் தள்ளியது. மறுபடி சேர்த்தார். நாலாவது தடவை அது குடிக்க விட்டது. திரும்பி வந்து டாரனுக்குப் போன் பண்ணினார். "கழட்டிடு" என்றார்.

கொட்டகையில் எட்டு இரும்புக் கட்டில்கள். சுவரெல்லாம் கத்தியால் கீறின பெயர்கள், ஒரு நாளைக்கு எத்தனை ஆடு என்ற கணக்குகள். பலகையில் ஊறிப்போன கம்பளி எண்ணெய் நாற்றம். நெவில் ஒரு கட்டிலைச் சுத்தம் பண்ணினார். கீழேயிருந்து கம்பளிப் போர்வை, கெட்டில், ஒரு நாற்காலி, இவ்வளவுதான் கொண்டுவந்தார். ராத்திரியில் தகரம் குளிரில் சுருங்கிப் படபடவென்று வெடிக்கும். ஏழு காலிக் கட்டிலுக்கு நடுவில் படுத்திருக்கிறபோது அவருக்குத் தான் வேலைக்கு வந்த ஆள் மாதிரித் தோன்றும். நாய்கள் முதல் இரண்டு நாள் மேடேறி வரவே இல்லை, வீட்டு வாசலிலேயே படுத்துக் கிடந்தன.

முதல் அழைப்பில் ரோவினா சுவரைத்தான் பார்த்திருந்தாள்.

"ரோ" என்றார்.

அவள் தோள் அசைந்தது.

"ரோ, மன்னிச்சுக்க."

"இல்ல" என்றாள்.

"இல்லன்னா இல்ல" என்றார் உடனே. சொல்லி முடித்ததும் அவள் தலை திரும்பியது. உடனே வந்துவிட்டதே! அவர் புருவத்தைத் தூக்கினார். அவள் பார்த்தாள். அவள் வாய்க்கோடி லேசாக இழுபட்டது, அதே நொடியில் இவரும் சிரித்தார்.

"டீ" என்றாள்.

"போட்டு வச்சிருக்கேன். ஒனக்கும் எனக்கும்."

மரிசெல் படத்துக்கு வெளியே மூக்கை உறிஞ்சினாள்.

ஜூன் முழுவதும் பேச்சு வந்தது. கொத்தாக வரவில்லை, ஒன்றொன்றாகத்தான். "மழ." "நாய்." "கெடா." ஒருநாள் காலையில் ஏழு மணிக்கு மரிசெல் கூப்பிட்டாள். என்னவோ ஏதோவென்று நெவில் ஒரு காலில் பூட்ஸோடு ஓடி வந்து எடுத்தால், ரோவினா "முட்ட" என்றாள். கோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். நரி தூக்கிப்போய் மூன்று வாரம் ஆயிற்று. "நல்லா இருக்குதுங்க" என்றார் நெவில். பொய்தான். என்ன செய்ய?

இன்னொரு பொய்யும் இருந்தது. கொட்டகைக்கு வந்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. பின்னால் வெள்ளைப் போர்வை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசினார். ஜூன் கடைசியில் பலமாகக் காற்றடித்த ஒரு சாயங்காலம் போர்வை அவிழ்ந்து விழுந்தது. பின்னால் இரும்புக் கட்டில்கள் வரிசையாகத் தெரிந்தன.

ரோவினா பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரி என்று நினைத்துவிட்டாளோ என்று நெவிலுக்குத் திக்கென்றது.

"எங்க?" என்றாள்.

"கொட்டகையில ரோ. மேட்டுல. இங்கதான் லைன் நல்லா வருது."

"வீடு?"

"வீடு இருக்கு. அங்கேயேதான் இருக்கு."

"வீடு" என்றாள் மறுபடி. இப்போது கேள்வி இல்லை. கையை நீட்டினாள்.

நெவில் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பொழுது சாய்ந்துவிட்டது. பள்ளத்தில் வீடு இருட்டாக இருந்தது, கூரை மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. அவர் டேப்லெட்டைப் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி அந்தப் பக்கம் காட்டினார்.

"கிட்ட" என்றாள் ரோவினா.

இறங்கினார். பத்தடி, இருபதடி. "கிட்ட." மேட்டுக்குப் பாதி வழியில் ஆட்டுப்பட்டியின் கேட் இருக்கிறது. கேட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்ததும் படம் நின்றுவிட்டது. அவள் வாய் திறந்தபடி அப்படியே உறைந்தது. நெவில் பதறிப்போய்ப் பின்னால் வந்தார். கேட்டருகே உயிர் வந்தது.

"இதுக்கு மேல வந்தா நீ போயிடுற ரோ. இவ்வளவுதான் முடியும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாமதம் திரும்ப வந்துவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தார். இல்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். கண்ணில் நீர் நின்றது.

"இருட்டு" என்றாள். புதுச் சொல். "இருட்டு... நெவ்... லைட்டு."

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் வாயில் அவர் பெயர் வந்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கக்கூட அவருக்கு நேரம் இல்லை.

"போடறேன். இரு, இப்பவே போடறேன். மரிசெல், அவளப் பாக்க விடு, எடுத்துடாத."

டேப்லெட்டை கேட்டின் தூணில் சாய்த்து வைத்து, கேமரா வீட்டைப் பார்த்தபடி இருக்கிறதா என்று குனிந்து சரிபார்த்து, கல் ஒன்றை முட்டுக்கொடுத்தார். அறுபத்தாறு வயது முட்டியோடு பள்ளத்தில் ஓடினார். நாய்கள் குரைத்துக்கொண்டு கூடவே ஓடின. முதலில் சமையலறை விளக்கு. அப்புறம் கூடம். படுக்கையறை. துணி தைக்கிற அறை, அவள் போன பிறகு அவர் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. குளியலறை. வெளி வராந்தா. ஒவ்வொரு அறையிலும் ஜன்னல் திரையை முழுசாக ஒதுக்கினார். மேட்டைப் பார்த்தார். இருட்டில் தூண் எங்கே என்றே தெரியவில்லை. அவள் பார்க்கிறாளா, லைன் போய்விட்டதா, ஒன்றும் தெரியாமல் சமையலறை ஜன்னலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். யாருக்கும் இல்லாமல் ஆட்டுகிற மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் ஆட்டினார்.

மூச்சு வாங்க மேடேறி வந்தபோது திரையில் மரிசெல் மட்டும் இருந்தாள்.

"தூங்கிட்டாங்க சார்."

"பாத்தாளா?"

"பாத்தாங்க. எல்லா லைட்டும் பாத்தாங்க."

"ஏதாவது சொன்னாளா?"

மரிசெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மொத லைட்டு எரிஞ்சதும் 'வந்துட்டான்'னாங்க. ஒவ்வொரு லைட்டுக்கும் சொன்னாங்க சார். கடைசில, 'நெவ் வீட்டுக்கு வந்துட்டான்'னு முழுசாச் சொன்னாங்க! இவ்வளவு நீளமா அவங்க பேசி நான் கேட்டதே இல்ல. அப்புறம் நிம்மதியாக் கண்ண மூடிட்டாங்க."

நெவில் தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் அழுகை வரும் என்று தெரிந்து, மரிசெல்லுக்குக் கையை மட்டும் காட்டிவிட்டுத் திரையை அணைத்தார்.

கீழே ஆறு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. வீட்டுக்குள் ஆள் இருக்கிற மாதிரியே இருந்தது. இறங்கிப் போய் அணைக்க அவருக்கு மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டகைக்கு மேடேறினார்.